ஓர் அரவு

இந்த அறிக்கையை ஏழாந் தரம் அடிக்கிறன்.
ஸ்ரான்லி வீதிக் கந்தோர், மாடி, மூண்டு மணி வெயில்.
விசைப்பலகையில் ளகரம் பழுது;
குத்தி அமர்த்தினால்தான் விழும்.

வெள்ளிக்கிழமைப் பிரதியில்
"சட்டமூலத்தை அரசு உடன் மீளப்பெற வேண்டும்."
நிமலகாந்தன் சேர் சிவப்புப் பேனையால்
"உடன்" என்பதை மட்டும் வெட்டினார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு வெட்டினார்.
ஞாயிறு, கொழும்பிலிருந்து ஒரு அழைப்பு;
கதவைச் சாத்திவிட்டு நாற்பது நிமிசம்.
திங்கள் "வேண்டும்" போனது.
இண்டைக்கு:
"மீளாய்வுக்கான உறுதிமொழியைக் கவனத்தில் கொள்கிறோம்."
எனக்குப் பெரிய வேலையில்லை.
மீள இருந்த இடத்தில்
ஓர் அரவு கூடப் போட்டன்.
மீளா.

அவரைக் கெட்டவர் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.
பதினொரு வருசம் காசு வாங்காமல்
வவுனியா நீதிமன்றத்தில் நிண்ட மனிசன்.
சிங்களத்தில் எழுதின வாக்குமூலத்தை,
அதன் அடியில் தமிழில் நடுங்கின கையெழுத்தை,
யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு
"இந்தப் பிள்ளைக்கு இதில்
தன்ர பேரைக்கூட வாசிக்கத் தெரியாது" எண்டவர்.
அந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கிற பிரிவு
புதிய சட்டமூலத்திலும் இருக்கு.
இலக்கம் மாறியிருக்கு.

"எதிர்த்துக் கை உயர்த்தினால் நாங்கள் மூண்டு பேர், பிள்ளை.
அண்டைக்குச் சபையில் இல்லாட்டி
மேற்பார்வைக் குழுவில் ஒரு கதிரை.
வெளியில் நிண்டு கத்தி என்னத்தைக் கண்டம்?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
நான் அச்சுப்பொறிக்குத் தாள் வைச்சன்.

அலுமாரிக்கு மேலே பால்மாப் பெட்டி நாலு.
ரெண்டு வருசத்துக்கு முன்
பஸ் நிலையத்தில் மேசை போட்டு வாங்கின கையெழுத்துகள்.
மீன் சந்தையிலிருந்து ஓடிவந்த ஒருத்தி
கையைச் சீலையில் துடைச்சு வைச்ச பெருவிரல்;
அதோடு ஒட்டின செதிள்
இப்பவும் அந்தத் தாளில் மினுங்கும்.
கறையான் வரமுன் என்னவாவது செய்யவேணும்.

என்னையும் சொல்லவேணும்.
ஆடியில் எங்கட ஒழுங்கைக்குள்
ஐஞ்சு மோட்டார் சைக்கிள், மூடின முகங்கள், வாள்.
படலையைக் கொத்தினாங்கள்.
பக்கத்து வீட்டு ரெஜினோல்டுக்கு
மணிக்கட்டில் பத்தொன்பது தையல்.
பிறகு சந்தியில் காவலரண் வந்தது.
அடையாள அட்டை கேட்டான். குடுத்தன்.
நன்றி எண்டும் சொன்னன்.
அண்டிரவுதான் நித்திரை வந்தது.
கொக்குவில் கூட்டத்தில்
"சேர், முதல் எங்களுக்குப் பாதுகாப்பு வேணும்"
எண்டு எழும்பின குரல்களில்
என்னுடையதும் ஒண்டு.
அதை அவர் நீலப் பேனையால் குறிச்சுக்கொண்டார்.
ஒரு சொல்லும் வெட்டேல்லை.

நாலு மணிக்குத் தவமலர் அக்கா வந்தா.
மகன் உள்ளே, ஆறாம் வருசம்,
வழக்கு இன்னும் தொடங்கேல்லை.
மாதத்தில் ஒருக்கா வந்து
அறிக்கைப் பிரதி ஒண்டு கேப்பா,
பார்க்கப் போகேக்கை அவனுக்குக் காட்ட.
விரல் வைச்சு வாசிச்சா. விரல் நிண்டது.
"மீளாய்வு எண்டா விடுவினமோ, தங்கச்சி?"
"பிளேன்ரீ குடிக்கிறியளோ அக்கா?"

சீனி போடேக்கை யோசிச்சன்.
வெள்ளை மை எடுத்து
அவவின்ர பிரதியில்
அந்த அரவை மட்டும் அழிச்சன்.
மீள,
ஒரு வெள்ளைத் திட்டு,
பிறகு பொருளில்லாத எழுத்துகள்.

சேர் கண்டிட்டார்.
"அச்சுப்பிழை அம்மா, இதைக் கொண்டு போங்கோ"
எண்டு புதுசு நீட்டினார்.
என்னை ஒண்டும் கேக்கேல்லை.
அக்கா ரெண்டையும் ஒண்டாய் மடிச்சு
பைக்குள், மருந்துத் துண்டுகளோடை வைச்சா.
கொடிகாமம் பஸ் ஐஞ்சேகாலுக்கு.
தேத்தண்ணி பாதி அப்படியே கிடந்தது.